மன்னார் வளைகுடாவின் தீவுகள்: மணலின் வரவும் செலவும்

மன்னார் வளைகுடாவில் கணக்கில் உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. இந்தச் செய்தியைக் கேட்கும் பெரும்பாலோர், கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருப்பதால் அவை மூழ்கின என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடல் மட்டம் உயர்வது உண்மைதான். ஆனால் உலகச் சராசரியாகப் பார்த்தால் அது ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. ஒரு தலைமுறைக் காலத்தில் ஒரு சாண்கூடத் தேறாத அந்த உயர்வை மட்டும் வைத்துக்கொண்டு, மரம் செடியுடன் நின்ற ஒரு தீவு காணாமற்போனதை விளக்கிவிட முடியாது. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகளாக வெட்டியெடுத்ததே முதன்மையான காரணம்.

பாறையை வெட்டினால் பக்கத்திலுள்ள தீவு ஏன் கரைய வேண்டும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால், மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைப் பற்றி நாம் பொத்தாம்பொதுவாகப் பேசிவரும் பல செய்திகள் தெளிவாகிவிடும். அதற்கு முன், பூங்கா என்ற சொல்லையும் பவளம் என்ற சொல்லையும் சற்று நேர்செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

## கடலில் பூங்கா என்றால் என்ன?

இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் நடுவே கிடக்கும் கடற்பரப்பு மன்னார் வளைகுடா. அதன் வடக்கு எல்லையில் பாம்பன் தீவும், அத்தீவின் கோடியிலிருந்து தலைமன்னாரை நோக்கி விட்டுவிட்டுச் செல்லும் மணல்திட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் இருப்பது பாக் விரிகுடா. தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது ஒரு பக்கம் குளம்போல் கிடக்கும் கடலையும், மறுபக்கம் இரைந்துகொண்டிருக்கும் கடலையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் இரையும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அந்தப் பகுதி மக்கள் சொல்வார்கள். இக்கட்டுரையில் பேசப்போவது பெரும்பாலும் ஆண்கடலைப் பற்றி.

இந்தக் கடலில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகத் தீவுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. குருசடை, மனோலி, முயல் தீவு, வாலை, தலையாரி, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் தீவு என்று அவற்றின் பெயர்கள் நீளும். சில தீவுகள் கரைக்கு மிக அருகிலும், சில ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. இந்தத் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீரையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் தமிழ்நாடு அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் இதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001-ல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

செய்திகளில் அடிக்கடி ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதப்படும் இவ்விரண்டும் வெவ்வேறானவை. கோயிலை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கருவறைக்குள் எல்லாரும் நுழைவதில்லை. பிராகாரத்தில் நடமாடலாம், ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. மதிலுக்கு வெளியே ஊரும் கடைத்தெருவும் வழக்கம்போல் இயங்குகின்றன. தேசியப் பூங்கா என்பது கருவறை: அங்கே மீன் பிடிப்பது, கல் எடுப்பது, தீவில் தங்குவது ஆகியவற்றுக்குச் சட்டப்படி இடமில்லை. உயிர்க்கோளக் காப்பகம் என்பது கருவறை, பிராகாரம், ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்த முழு வளாகம். அதில் பெரும்பகுதி, பல்லாயிரம் மீனவக் குடும்பங்கள் தொழில் செய்யும் கடல்தான். கடல் முழுவதையும் மூடிவிட்டார்கள் என்பதும், காப்பகம் என்றால் வெறும் பெயர்ப்பலகை என்பதும் ஒரே குழப்பத்தின் இரு முனைகள்.

சுருக்கமாகச் சொன்னால், தீவுகளும் அவற்றின் சுற்றுநீரும் பூங்கா. அதைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு பரப்புள்ள கடலும் கரையும் காப்பகம்.

## பவளம்: கல்லா, செடியா, விலங்கா?

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்பு மணிதான் நம் நினைவுக்கு வரும். அந்த மணி, மத்தியதரைக் கடலில் வளரும் வேறொரு வகை உயிரிலிருந்து கிடைப்பது. பண்டைக் காலத்திலேயே கப்பலேறி இந்தியாவுக்கு வந்த சரக்கு அது. மன்னார் வளைகுடாவில் அந்தப் பவளம் இல்லை. இங்கே இருப்பவை பாறைகளை எழுப்பும் பவள உயிர்கள். பழுப்பும் பச்சையும் மங்கிய மஞ்சளுமாக, மோதிரத்துக்கு ஒருநாளும் பயன்படாதவை.

பாறை என்ற சொல்லும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மீனவர்கள் அதைப் பார் என்பார்கள். முத்துச்சிப்பி விளையும் இடம் முத்துப்பார், கீழக்கரைத் தொகுதியில் ஒரு தீவின் பெயரே ஆனைப்பார். கடலுக்கடியில் மேடாக, கடினமாக இருக்கும் தளம் என்பதே அதன் பொருள். அந்தத் தளம் எதனால் ஆனது என்பதை அச்சொல் சொல்வதில்லை.

அதை எழுப்புவது ஒரு சிறு விலங்கு. அதற்குப் பாலிப் என்று பெயர்: பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, மெல்லிய பைபோன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிப் பூவிதழ்போல் சிறு கொடுக்குகள். சொறிமீனும் கடற்சாமந்தியும் இதன் உறவினர்கள். இரவில் கொடுக்குகளை விரித்து, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். இத்தனை மெல்லிய உயிர், கடல்நீரில் கரைந்திருக்கும் பொருட்களைக்கொண்டு தனக்குக் கீழே ஒரு சுண்ணக் கிண்ணத்தைக் கட்டிக்கொள்கிறது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் முன்பு வீட்டுக்குச் சுண்ணாம்பு தயாரித்தார்கள். கிளிஞ்சல் ஓடும் இந்தக் கிண்ணமும் ஒரே பொருள், அதாவது கால்சியம் கார்பனேட்.

பாலிப் தன்னையே பிளந்து பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரக்கணக்கானவை ஒட்டிக்கொண்டு ஒரு குடியிருப்பாக வாழும். கீழேயுள்ள கிண்ணத்தை விட்டுவிட்டு அதன்மேல் புதுக் கிண்ணம் கட்டி ஏறிக்கொண்டே போகும். மாடிக்குமேல் மாடி எழுப்பி, மொட்டைமாடியில் மட்டும் ஆட்கள் குடியிருக்கும் ஒரு பழைய கட்டடத்தை நினைத்துக்கொள்ளலாம். நாம் பவளப்பாறை என்று சொல்வதில் உயிருள்ளது மேல்தோல் அளவுக்கு மெல்லிய ஒரு படலம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் முன்னோர் கட்டி விட்டுச்சென்ற மாடிகள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவரை அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு, அந்தக் கற்களில் சிறு சிறு துளைகள் கோலப்புள்ளிபோல் நெருங்கி இருப்பது தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு பாலிப் குடியிருந்த அறை.

இந்தக் கட்டடவேலை மிக மெதுவானது. மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகள் சாதகமான இடங்களில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்வரை வளரும்; உருண்டையாகத் திரளும் வகைகள் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. ஆள் உயரமுள்ள ஒரு பவள உருண்டையைக் கடப்பாரையால் பெயர்க்க அரைநாள் போதும். அது அந்த உயரத்தை எட்ட நூறாண்டுக்குமேல் ஆகியிருக்கும்.

ஆக, பவளப்பாறை என்பது விலங்கு கட்டிய சுண்ணக் கட்டடம். மேற்பரப்பு உயிருள்ளது, அடித்தளம் உயிரற்றது.

## மொட்டைமாடியில் ஒரு சமையல்காரர்

விலங்குதான் என்றால், பவளம் ஏன் வெயில் படும் ஆழமற்ற நீரையே நாட வேண்டும்? நண்டும் இறாலும் வெயில் கேட்பதில்லையே. பாலிப்பின் உடலுக்குள்ளேயே ஒரு நுண்பாசி குடியிருப்பதுதான் காரணம். பாசி பச்சையம் உள்ளது. சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்கும். சமைத்ததில் பெரும்பங்கைப் பாலிப்புக்குக் கொடுத்துவிடும். பாலிப்போ பாசிக்கு இருக்க இடமும், தன் கழிவிலிருந்து உரமும் தரும். குடிக்கூலிக்குப் பதிலாக வீட்டாருக்குச் சோறு பொங்கிப்போடும் குடித்தனக்காரர் என்று இந்தப் பாசியைச் சொல்லலாம். இப்படி இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து சேர்ந்து வாழ்வதற்கு இணைவாழ்வு என்று பெயர்.

பல பவள இனங்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம்வரை இந்தச் சமையலிலிருந்தே பெறுகின்றன. சுண்ணக் கிண்ணம் கட்டும் வேலைக்கும் அந்த ஆற்றலே மூலதனம். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசியின் நிறம்தான். நீர் கலங்கிச் சேறு படிந்தால் வெயில் குறைகிறது. வெயில் குறைந்தால் சமையல் குறைகிறது. சமையல் குறைந்தால் கட்டடவேலை நிற்கிறது. ஆற்றுச்சேறு அதிகம் கலக்காத, தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமற்ற நீர் மன்னார் வளைகுடாவின் இந்தப் பகுதியில் கிடைத்ததால்தான் தீவு ஒவ்வொன்றையும் ஓர் ஓரம்போலச் சுற்றிப் பவளத்திட்டு வளர்ந்தது. கரையை ஒட்டி விளிம்பாக அமையும் இத்தகைய திட்டை விளிம்புத்திட்டு என்பார்கள். சுமார் 117 வகைக் கடினப் பவளங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

## தீவின் மணல் எங்கிருந்து வருகிறது?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வரலாம்.

தீவு என்றவுடன், கடலுக்கடியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு மலையின் உச்சியை மனம் கற்பனை செய்துகொள்கிறது. மன்னார் வளைகுடாவின் தீவுகளில் அப்படியொரு மலை இல்லை. அவை தாழ்ந்து தட்டையாகக் கிடக்கும் மேடுகள். பழைய பவளத்தளத்தின்மேல் உடைந்த பவளத்துண்டும், சிப்பித்தூளும், சுண்ணமணலும் குவிந்து உருவானவை. தூத்துக்குடி, வேம்பார்த் தொகுதிகளில் காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்று மூன்று தீவுகளின் பெயர் சல்லி என்று முடிகிறது. சல்லி என்றால் உடைகல், சிறுதுண்டு. அப்பெயர்கள் எப்படி வந்திருந்தாலும், தீவுகளின் இயல்பை அவற்றைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

குவியலாகக் கிடக்கும் பொருளுக்கு வரவும் செலவும் உண்டு. இங்கே வரவு மூன்று வழிகளில் நடக்கிறது. அலையும் புயலும் கிளைப்பவளங்களை ஒடித்துக் கரையில் ஒதுக்குகின்றன. சிப்பி, சங்கு, நத்தை ஆகியவற்றின் ஓடுகள் நொறுங்கிச் சேர்கின்றன. மூன்றாவது வழி, முதன்முறை கேட்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். கிளியின் அலகுபோன்ற பல்லுள்ள கிளிமீன், பவளத்தின்மேல் படர்ந்த பாசியைத் தின்னும்போது கல்லையும் சேர்த்துக் கொறித்து, தொண்டையில் அரைத்து, தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணலாகக் கழித்துவிடும். பெரிய உடல்கொண்ட கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைக் கழிக்கக்கூடும் என்று பிற பவளக்கடல்களில் கணக்கிட்டிருக்கிறார்கள். பவளக்கடலின் வெண்மணலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லதா என்று சொல்லத் தெரியவில்லை.

செலவு என்பது அலை அரித்துக்கொண்டு போவது. அதைக் கட்டுப்படுத்துவதும் பவளத்திட்டுதான். வேகமாக வரும் வண்டி வேகத்தடையில் ஏறும்போது தன் வேகத்தை இழப்பதைப்போல, ஆழ்நீரிலிருந்து வரும் அலை திட்டின்மேல் ஏறும்போது அடியில் உராய்ந்து, உயர்ந்து, உடைந்துவிடுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்துக்கு நெருங்கும் இடத்தில் அலை உடையும் என்பது பொதுவிதி. திட்டு அந்த இடத்தைத் தீவின் கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள் வைத்துவிடுகிறது. உலகின் பல பகுதிகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுவதாகச் சொல்கிறது. கரையைத் தொடுவது மிச்சமுள்ள சொற்பம்தான்.

இந்த வரவும் செலவும் காற்றின் பருவத்தோடு மாறும். தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கிலிருந்து அலை மோதுவதால், அந்தப் பக்கத்துக் கரை அரிபட்டு மணல் மறுபுறம் ஒதுங்கும். வாடைக்காற்றின் பருவத்தில் போனதில் ஒரு பகுதி திரும்பிவரும். எனவே தீவின் கடற்கரை, கோடையில் கண்ட இடத்தில் மார்கழியில் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பருவத்து அரிப்பைப் பார்த்துத் தீவு அழிகிறது என்று முடிவுகட்டுவதும், ஒரு பருவத்துச் சேர்க்கையைப் பார்த்துத் தீவு வளர்கிறது என்று மகிழ்வதும் தவறு. பல ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

வந்து சேர்ந்த மணலைக் கட்டிவைப்பவை தாவரங்கள். பழைய நெய்தல் பாடல்களில் படர்ந்து கிடக்கும் அடும்பு, இன்று அடம்பங்கொடியென்று நாம் அழைக்கும் அதே கொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பின்னிப்பிடிக்கும். முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசைப்புல் கரைமேட்டில் வேரூன்றும். குருசடை, மனோலி போன்ற சில தீவுகளில் சேறு தங்கும் ஓரங்களில் அலையாத்திகளும் உண்டு.

இந்தக் கணக்கில் செத்த பவளமும் ஒரு முதல். கரையில் ஒதுங்கிய வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று பலர் கேட்பதுண்டு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ள பவளம், செத்த பவளம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. துண்டு செத்ததாக இருந்தாலும் எடுப்பது குற்றம். சட்டத்தின் இந்தக் கண்டிப்பு அளவுக்கு மீறியது என்று தோன்றுபவர்கள், அந்தத் துண்டுதான் அடுத்த ஆண்டின் மணல் என்பதை நினைத்துப்பார்க்கலாம்.

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால்: திட்டு மணலைத் தருகிறது, அதே திட்டு, மணலை அலை கொண்டுபோகாமல் காக்கிறது. சம்பாதிப்பவரும் காவல்காரரும் ஒருவரே என்பதால், அவருக்கு நோய் வந்தால் வரவும் நிற்கும், செலவும் கூடும்.

## தீவுக்கும் கரைக்கும் நடுவே: சாதாழை

பவளத்தைப் பற்றிப் பேசுமளவுக்குக் கடல்புல்லைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேசினாலும் கடற்பாசியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். மீனவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிவார்கள். கடல்புல் அவர்களுக்குச் சாதாழை, பாசி வேறு.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கல்லிலோ ஓட்டிலோ பற்றிக்கொண்டு நிற்கும். பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப்பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை முதலியவை இந்த வகை. அகர் முதலிய பொருட்கள் அவற்றிலிருந்து கிடைக்கின்றன. கடல்புல்லோ வேர், தண்டு, இலை எல்லாம் உடைய, கடலுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம். மண்ணுக்குள் கிடைத்தண்டு ஓட்டி, வேர்களால் அடிமணலைப் பின்னிவைக்கும். அருகம்புல் படர்ந்த வரப்பு மழையில் எளிதில் கரையாததைப்போல, சாதாழை படர்ந்த கடலடி அலையில் எளிதில் கலங்குவதில்லை. அடி கலங்காவிட்டால் நீர் தெளிந்திருக்கும். நீர் தெளிந்திருந்தால் பக்கத்துப் பவளத்துக்கு வெயில் கிடைக்கும். தீவின் பின்புறம் அலை அடங்கிய நீரில்தான் சாதாழை செழிக்கும் என்பதால், திட்டு புல்லைக் காக்கிறது, புல் திட்டைக் காக்கிறது.

இந்த மேய்ச்சல்நிலத்தின் புகழ்பெற்ற உறுப்பினர் கடற்பசு. ராமநாதபுரக் கரையில் ஆவுளியா என்பார்கள். மீன்போல் தோன்றினாலும் அது பாலூட்டி, நுரையீரலால் மூச்சுவிடுவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியா இறப்பதற்கு வலை ஏற்படுத்தும் காயத்தைவிட, மேலே வர முடியாமல் மூச்சு முட்டுவதே பெரும்பாலும் காரணமாகிறது. வளர்ந்த விலங்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ சாதாழையை மேயும். ஓராண்டுக்குமேல் சூல்கொண்டு ஒரு கன்றுதான் ஈனும்; அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே எண்ணிக்கை குறைந்தால் மீள்வதும் அதே அளவுக்கு மெதுவாகவே நடக்கும். 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது இந்தப் பூங்காவுக்கு வெளியே, பெண்கடலில் இருக்கிறது.

வளர்ந்த பேராமைக்கும் சாதாழையே முதன்மை உணவு. அழுங்காமை பவளத்திட்டில் கடற்பஞ்சுகளைத் தேடித் தின்னும். கடலட்டை, பார்வைக்கு அருவருப்பாகத் தோன்றினாலும், அடிமணலை விழுங்கி அதிலுள்ள அழுகற்பொருளைச் செரித்துவிட்டுத் தூய மணலை வெளியேற்றும். மண்புழு வயலில் செய்யும் வேலை. வெளிநாட்டுச் சந்தையில் விலை அதிகம் என்பதால் கடத்தல் செய்திகளில் மட்டுமே இதன் பெயர் அடிபடுகிறது.

## வெளிறல் என்பது சாவு அன்று

இனிச் சம்பாதிப்பவருக்கு வரும் நோயைப் பார்க்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரையான வெக்கை மாதங்களில், காற்று அடங்கிக் கடல் அசையாமல் கிடக்கும்போது, ஆழமற்ற நீரின் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். அப்போது குடித்தனக்காரரின் அடுப்பு புகையத் தொடங்குகிறது: அளவுக்குமீறிய வெப்பத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, பாலிப்பின் உடலுக்குத் தீங்கான பொருட்களை உண்டாக்குகிறது. பாலிப் வேறு வழியின்றிப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் தந்த பாசி போய்விட்டதால், கண்ணாடிபோன்ற உடலின் ஊடாகக் கீழேயுள்ள வெண்சுண்ணம் தெரிகிறது. இதற்கே பவள வெளிறல் என்று பெயர்.

வெளிறிய பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் பட்டினியில் இருக்கிறது. சில வாரங்களுக்குள் கச்சான் வலுத்து, நீர் கலந்து, வெப்பம் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும், பவளம் பிழைத்துக்கொள்ளும். வெப்பம் நீடித்தால் பட்டினியில் இறக்கும்; பிறகு அந்த எலும்பின்மேல் வேறு பாசிகள் படர்ந்துவிடும். வெளிறியது அத்தனையும் அழிந்தது என்று எழுதுவது தவறு. வெளிறியது எப்படியும் தேறிவிடும் என்பதும் தவறு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறல் கடுமையாக இருந்தது. 2016-ல் உயிருள்ள பவளத்தின் பரவல் 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. கடல் மட்டம் ஒரு விரற்கடைகூட உயராத ஓராண்டிலேயே தீவுகளின் காவலில் இத்தனை பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது.

வேறொரு தொல்லையும் உண்டு. வணிகத்துக்காக வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவுப் பகுதியில் பவளங்களின்மேல் போர்வைபோல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். போர்வைக்கு அடியில் வெயில் இல்லை. வெயில் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம்.

## வெட்டிய கல்லும் வான் தீவும்

சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும், கட்டட வேலைக்காகவும், தொழிற்சாலைகளின் மூலப்பொருளாகவும் மன்னார் வளைகுடாவில் நெடுங்காலம் பவளக்கல் வெட்டப்பட்டது. படகோடு போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கரைசேர்ப்பது பலருக்கு அன்றாடப் பிழைப்பாக இருந்தது. பாறைதானே, மலையில் கல் உடைப்பதுபோல்தான் என்ற எண்ணம் அதற்குத் துணைநின்றது. 2001-ல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோர ஊர்களின் மனநிலையும் மாறியது. 2005 வாக்கில் கல் வெட்டுவது நின்றது.

ஆனால் வேகத்தடையைப் பெயர்த்த பிறகு, பெயர்ப்பதை நிறுத்திவிட்டதால் மட்டும் வண்டிகளின் வேகம் குறைந்துவிடாது. திட்டின் உயரம் குறைந்த இடங்களில் அலை உடையாமல் நேராகத் தீவின் கரைக்கு வரத் தொடங்கியது. புது மணலைத் தர வேண்டிய பவளமும் அங்கே குறைந்துவிட்டது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேராக இருந்து, 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. அதே தொகுதியில் விலாங்குச்சல்லி ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்ததால், இதன் போக்கு எங்கே முடியும் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

வான் தீவைக் காக்க எடுத்த நடவடிக்கை இந்தக் கட்டுரையின் கணக்கை அப்படியே பின்பற்றியது. தீவின் கரையில் கருங்கல் சுவர் எழுப்பவில்லை. சுவர் கட்டியிருந்தால் அலை அதன் அடியைப் பறித்துக்கொண்டு, மணலின் வருகையையும் தடுத்திருக்கும். அதற்குப் பதிலாக, கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள், துளைகள் உள்ள கான்கிரீட் அமைப்புகளை வரிசையாக இறக்கினார்கள். மேலே ஏறும் அலை அங்கேயே வலுவிழக்கிறது. துளைகளின் வழியே நீரும் மணலும் போய்வருகின்றன. கான்கிரீட்டின் கடினமான பரப்பில் பவளக்குஞ்சுகள் ஒட்டி வளர இடம் கிடைக்கிறது. 2015-க்குப் பின் படிப்படியாக நடந்த இந்த வேலைக்குப் பிறகு தீவின் சுருக்கம் நின்று, மணல் சேரத் தொடங்கியது.

பவளம் வளர்வதற்கு ஆகும் காலத்தைக் கான்கிரீட் குறைத்துவிடுவதில்லை. அது அலையைத் தடுக்கும், மணல் விளைவிக்காது. அதன்மேல் ஒட்டிய பவளக்குஞ்சு, கிளைக்கும் வகையாக இருந்தால் சில ஆண்டுகளிலும், உருண்டை வகையாக இருந்தால் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும், ஒடித்துக் கரையில் ஒதுக்குமளவுக்குப் பெரிதாகும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைப் பார்க்க விரும்புவோர், பாம்பனுக்கு அருகே குந்துகாலிலிருந்து வனத்துறையின் படகில் குருசடைக்குப் போகலாம். மற்றத் தீவுகளில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது.